ராபிடான் கேம்பைத் திட்டத்திலிருந்து ஏன் நீக்கினீர்கள்? சுற்றுலாக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நம் சங்கத்தின் சுற்றுலாக் குழுவில் இருக்கும் நண்பர்களுக்கு,

அக்டோபரில் ஷெனாண்டோவா தேசியப் பூங்காவுக்குப் போவதற்கான திட்டத்தை வாட்ஸ்அப்பில் போட்டிருந்தீர்கள். காலையில் தார்ன்டன் கேப் வழியாக உள்ளே நுழைவது, ஸ்கைலைன் டிரைவில் நாலைந்து வியூ பாயின்ட்களில் நிறுத்திப் படம் எடுப்பது, பிக் மெடோஸில் மதியச் சாப்பாடு, திரும்பும் வழியில் லூரே குகை. ராபிடான் கேம்ப் இல்லை. ஏன் இல்லை என்று கேட்டதற்கு ஒரே வரியில் பதில்: "அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, பழைய மரவீடுதான், போன வருடம் வந்தவர்கள் நிறையக் குறை சொன்னார்கள்." அதோடு பேச்சு முடிந்துவிட்டது. யாரையும் கேட்கவில்லை, கூட்டத்தில் வைக்கவில்லை. இதை என்னால் அப்படியே விட முடியவில்லை, அதனால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நாள் முழுக்க நீங்கள் பஸ்ஸில் போகப்போகும் அந்த ஸ்கைலைன் டிரைவ் சாலையிலிருந்தே தொடங்குகிறேன். ஹெர்பர்ட் ஹூவர் அமெரிக்க அதிபராக இருந்தபோது கோடையில் வாஷிங்டனின் புழுக்கம் தாங்காமல் வந்து தங்கிய இடம்தான் ராபிடான் கேம்ப். அங்கிருந்து குதிரையில் மலை முகட்டுக்கு ஏறிப் போவார். அப்படிப் போனபோதுதான், இந்த முகட்டோடு ஒரு சாலை போட்டால் எல்லோரும் இந்தக் காட்சியைப் பார்க்கலாமே என்ற யோசனையை, அப்போது தேசியப் பூங்காத் துறையின் இயக்குநராக இருந்த ஹோரேஸ் ஆல்பிரைட்டிடம் அவர் சொன்னார். 1930இல் இந்தப் பக்கம் கடும் வறட்சி, விவசாயிகள் கையில் காசில்லை. வறட்சி நிவாரணப் பணத்தில் உள்ளூர் ஆட்களைக் கூலிக்கு வைத்து 1931இல் வேலை ஆரம்பித்தது. இன்று அது 105 மைல் சாலை. பூங்கா முறைப்படி அமைந்தது 1935 டிசம்பரில்தான். அதாவது பூங்காவைவிடச் சாலை மூத்தது, சாலையைவிட அந்த மரவீடு மூத்தது. சாலையில் மட்டும் போய்விட்டு, அதற்குக் காரணமான இடத்தை ஒன்றுமில்லை என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, "ஒன்றும் இல்லை" என்ற அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

1929இல் பதவிக்கு வந்ததும் ஹூவர் இடம் தேடச் சொன்னபோது மூன்று நிபந்தனை வைத்தார். வாஷிங்டனிலிருந்து 100 மைலுக்குள் இருக்க வேண்டும், கொசு வராத அளவுக்குக் குறைந்தது 2,500 அடி உயரம் வேண்டும், டிரவுட் மீன் கிடைக்கும் ஓடை வேண்டும். மில் பிராங், லாரல் பிராங் என்ற இரண்டு ஓடைகள் சேர்ந்து ராபிடான் ஆறாக மாறுகிற இடம் கிடைத்தது. 164 ஏக்கர் நிலத்தையும் கட்டடச் சாமான்களையும் அவர் தன் சொந்தக் காசில் வாங்கினார். கட்டிக் கொடுத்தவர்கள் மரைன் வீரர்கள். திட்டத்தில் பெரும் பங்கு அவர் மனைவி லூ ஹென்றி ஹூவருடையது, ஸ்டான்ஃபோர்டில் நிலவியலில் (ஜியாலஜி) பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். மரத்தை வெட்டி இடம் ஒழிக்காமல், நிற்கிற மரத்தை விட்டுவிட்டு அதைச் சுற்றித் தாழ்வாரம் போட்டிருக்கிறார்கள். பெயின்ட் அடித்த பளபளப்பு எதுவும் இல்லை, வெறும் பலகை, ஆற்றுக் கல்லில் கட்டிய பெரிய கணப்பு, வெளியிலும் ஒரு கணப்பு. உலகத்திலேயே அதிக அதிகாரம் கொண்ட பதவிகளில் ஒன்றில் இருந்தவர் இவ்வளவு போதும் என்று நினைத்திருக்கிறார் என்பதே என்னை அங்கே நிறுத்தி வைத்தது. நம் ஊர்த் தலைவர்களின் பங்களாக்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அது கொஞ்சம் நெஞ்சில் தைக்கும்.

அப்போது பதிமூன்று கட்டடங்கள் இருந்தன. இன்று மூன்று மிச்சம்: அதிபர் தங்கிய பிரவுன் ஹவுஸ், விருந்தாளிகளுக்கான பிரைம் மினிஸ்டர் கேபின், அப்புறம் கிரீல் கேபின். இரண்டாவதற்கு அந்தப் பெயர் வந்தது பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்ட் 1929 அக்டோபரில் அங்கே வந்து தங்கியதால். பெரிய கடற்படை வைத்திருந்த இரண்டு நாடுகளின் தலைவர்கள் காட்டுக்குள் ஓடைக்கரையில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்து, போர்க்கப்பல்களைக் குறைப்பது பற்றிப் பேசியிருக்கிறார்கள். அடுத்த வருடம் லண்டனில் கடற்படை ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த ஓடை இன்றும் அதே இடத்தில் ஓடுகிறது. நம் பிள்ளைகள் பள்ளியில் பாடமாகப் படிக்கிற விஷயம் இது. போன வருடம் அந்த இடத்தில் நம் குழுவிலிருந்து யாரும் இதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்வதற்கு ஆளை ஏற்பாடு செய்யவும் இல்லை.

இங்கேதான் என் முக்கியமான வருத்தம் இருக்கிறது. போன வருடம் வந்தவர்கள் குறை சொன்னது உண்மை. ஆனால் எதைப் பற்றிச் சொன்னார்கள்? பஸ் தாமதமாக வந்தது, பதினோரு மணிக்கு இறங்க வேண்டியவர்கள் ஒன்றரை மணிக்கு நடைபாதை தொடங்கும் மைலம் கேப்பில் இறங்கினோம். அறுபது பேரை ஒரே கூட்டமாகப் பாதையில் அனுப்பினீர்கள். முதலில் கொஞ்ச தூரம் அப்பலாச்சியன் டிரெயில், பிறகு மில் பிராங் பாதை, போக இரண்டு மைல், வர இரண்டு மைல். போகும்போது இறக்கம், எல்லோரும் சிரித்துப் பேசிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வரும்போது எண்ணூறு அடிக்கு மேல் ஏற வேண்டும் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. தண்ணீர்ப் பெட்டிகள் பஸ்ஸிலேயே இருந்தன. ஓடையை வழியில் கடக்க வேண்டியிருக்கும், கல்மேல் கால் வைத்துத்தான் போக வேண்டும் என்பது தெரியாமல் செருப்போடு வந்தவர்கள் எத்தனை பேர். ஒரு அம்மா அந்தக் கல்லில் வழுக்கி உட்கார்ந்து, பிறகு எழுந்து புடவையைப் பிழிந்துகொண்டே நடந்ததை நான் பின்னால் வந்து பார்த்தேன். அவர் யார் மேலும் கோபப்படவில்லை, அவ்வளவுதான்.

கீழே போய்ச் சேர்ந்தால் கதவுகள் பூட்டியிருந்தன. காரணம், வீட்டுக்குள்ளே போக வேண்டுமென்றால் ரேஞ்சர் (பூங்காத் துறை ஊழியர்) கூட்டிப் போகும் சுற்றுலாவில் முன்பதிவு செய்து வர வேண்டும், அல்லது அங்கே தன்னார்வலர்கள் இருந்து திறந்து காட்டும் நேரமாக இருக்க வேண்டும். நடந்து வருகிறவர்கள் வெளியிலிருந்து பார்க்கலாம், தாழ்வாரத்தில் உட்காரலாம், தகவல் பலகைகளைப் படிக்கலாம். முன்பதிவு பற்றிப் போன வருடமே குழுவில் ஒருவரிடம் கேட்டேன், "பார்த்துக்கொள்ளலாம்" என்றார். பார்த்துக்கொள்ளவில்லை. அறுபது பேர் பூட்டிய கதவைப் பார்த்து, கண்ணாடியில் முகம் வைத்து எட்டிப் பார்த்து, ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, கைப்பிடிச் சுவரில் ஏறி நின்று படம் எடுத்துவிட்டு, பசியோடு மேலே ஏறினோம். அப்படிப் பார்த்தவர்களுக்கு "ஒன்றும் இல்லை" என்றுதான் தோன்றும். குறை ஏற்பாட்டில் இருந்தது, தண்டனை மட்டும் அந்த இடத்துக்கு.

உள்ளே போய்ப் பார்த்ததால் சொல்கிறேன். அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து வந்திருந்தபோது ரேஞ்சர் சுற்றுலாவில் அவர்களைக் கூட்டிப் போனேன். பிக் மெடோஸில் உள்ள பேர்ட் விசிட்டர் சென்டரிலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள், நடக்க வேண்டிய தூரம் கொஞ்சம்தான். அந்த ரேஞ்சர் அவசரப்படவே இல்லை. பிரவுன் ஹவுஸின் உள்ளே ஹூவர் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே மறுபடி அமைத்திருக்கிறார்கள். பிரைம் மினிஸ்டர் கேபினில் கண்காட்சி. தலைநகரத்திலிருந்து தபாலையும் செய்தித்தாளையும் விமானத்தில் கொண்டுவந்து மேலிருந்து போடுவார்களாம். அப்பா இதையெல்லாம் நான் மொழிபெயர்க்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு பள்ளிக்கூடக் கதை வந்தது. 1929 ஆகஸ்டில் ஹூவரின் பிறந்தநாளுக்கு, அந்த மலையில் இருந்த ஒரு சிறுவன் ஒபாசம் என்ற சிறு காட்டு விலங்கு ஒன்றைப் பிடித்துப் பரிசாகக் கொண்டுவந்தான். அவனோடு பேசிப் பார்த்ததில், பக்கத்தில் பள்ளிக்கூடமே இல்லை என்பது தெரிந்தது. ஹூவரும் அவர் நண்பர்களும் பணம் போட்டு ஒரு பள்ளி கட்டி, ஆசிரியருக்கும் ஏற்பாடு செய்து, 1930இல் திறந்தார்கள். கேட்கும்போது அம்மாவின் முகம் மலர்ந்தது. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த மலைகளைப் பூங்காவாக மாற்றுவதற்காக வர்ஜீனியா மாநில அரசு நிலங்களைக் கையகப்படுத்தியது. ஐந்நூறு குடும்பங்கள் அளவுக்கு வெளியேற வேண்டியிருந்தது. சொந்த நிலம் வைத்திருந்தவர்களுக்கு விலை கொடுத்தார்கள், மற்றவர் நிலத்தில் குடியிருந்தவர்களுக்கு அதுவும் இல்லை. இன்றும் காட்டுக்குள் போனால் வீடில்லாத புகைபோக்கிகள் நிற்கும், சின்னச் சின்னக் கல்லறைத் தோட்டங்கள் இருக்கும்.

அப்பா பேசாமல் இருந்தார். அப்புறம், "இங்க இருந்தவங்க எல்லாம் எங்க போனாங்கன்னு அந்தம்மாகிட்டக் கேளு கண்ணு" என்றார். அவர் பிறந்த ஊர் பவானிசாகர் அணைக்குள் போன ஊர். சின்ன வயதில் மாட்டு வண்டியில் சட்டி பானையோடு கிளம்பிய குடும்பம். அந்தக் கேள்வியை ரேஞ்சரிடம் கேட்டேன், அவர் அதைத் தட்டிக்கழிக்காமல் நிறைய நேரம் நின்று பதில் சொன்னார், சிலர் வயதாகிச் சாகும்வரை தங்க அனுமதிக்கப்பட்டார்கள், சிலரை வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போய் வெளியே விட்டார்கள் என்பது உட்பட. அப்பா தன் ஊரைப் பற்றி அவரிடம் சொன்னார், நான் இடையில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தேன். எனக்கே அதுவரை தெரியாத விஷயங்கள் அதில் இருந்தன. அமெரிக்காவுக்கு வந்த மூன்று மாதத்தில் அப்பா ஒரு அமெரிக்கரோடு மனம்விட்டுப் பேசியது அங்கேதான். மால்களிலும் கோயிலிலும் பூங்கா பெஞ்சுகளிலும் நாளைக் கழிக்கிற நம் பெற்றோர்களுக்கு இப்படி ஒரு வாய்ப்பு எத்தனை முறை கிடைக்கும்? அதை நீங்கள் ஒரு வரியில் எடுத்துவிட்டீர்கள்.

"பெரியவர்களால் முடியாது" என்பது குழுவின் இன்னொரு காரணம். நடைபாதையைப் பொறுத்தவரை அது நியாயமான கவலை, மறுக்கவில்லை. ஓர் அதிபருக்கே அந்த இடம் சிரமமாக இருந்திருக்கிறது. 1932இல் ஹூவர் இந்த இடத்தைப் பின்னால் வரும் அதிபர்களும் பயன்படுத்தட்டும் என்று கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த அதிபர், போலியோவால் கால்கள் பாதிக்கப்பட்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், 1933இல் வந்து பார்த்தார், அந்தக் கரடுமுரடான தரை அவருடைய நடமாட்டத்துக்குச் சரிப்படவில்லை, பிறகு மேரிலாந்து மலையில் வேறு இடம் தேர்ந்தெடுத்தார்கள், அதுதான் அதிபர்களின் இன்றைய ஓய்விடமான கேம்ப் டேவிட். ஆனால் இன்று அந்தத் தடைக்கு ஒரு வழி இருக்கிறது, வேன் இருக்கிறது. முட்டிவலி உள்ள என் அம்மா போய்விட்டு வந்தார். வேன் இருப்பதைச் சொல்லாமலேயே "முடியாது" என்று அவர்கள் சார்பில் நீங்கள் முடிவு செய்தது தவறு.

"தோற்றுப்போன அதிபர், அவர் வீட்டைப் போய் ஏன் பார்க்க வேண்டும்" என்றும் குழுவில் ஒருவர் எழுதியிருந்தார். இதுதான் எனக்கு அதிகம் வலித்தது. முதல் உலகப் போரில் பெல்ஜியத்தில் பட்டினி கிடந்தவர்களுக்கு உணவு போய்ச் சேர ஏற்பாடு செய்து உலகம் முழுக்கப் பேர் வாங்கியவர் அவர். பதவியேற்ற அதே வருடம் பங்குச்சந்தை விழுந்தது. வேலையில்லாதவர்கள் தகரத்திலும் அட்டையிலும் கட்டிய குடிசைகளுக்கு மக்கள் அவர் பெயரையே வைத்தார்கள். 1932இல் தங்கள் போனஸைக் கேட்டு வாஷிங்டனுக்கு வந்து முகாம் போட்ட முன்னாள் போர்வீரர்களை ராணுவம் விரட்டியது அவர் ஆட்சியில்தான். இதையெல்லாம் மூடி மறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வீட்டின் தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டு பதினாறு வயதுப் பிள்ளை ஒன்று, "நாடு பசியில் கிடந்தபோது இவர் இங்கே மீன் பிடித்துக்கொண்டிருந்தாரா?" என்று கேட்டால், அதைவிட நல்ல வரலாற்று வகுப்பு எது? எங்கள் வேனில் வந்த ஒரு பிள்ளை அதைத்தான் கேட்டது. வெற்றி பெற்றவர்களின் சிலைகளை வாஷிங்டனில் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம். நல்ல எண்ணமும் பெரிய திறமையும் இருந்த ஒருவர் எங்கே தடுக்கினார் என்று நின்று யோசிக்க ஓர் இடம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. 1988இல் இதைத் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவித்தார்கள் என்றால் காரணமில்லாமல் இல்லை.

செல்போன் சிக்னல் கிடைக்காது என்றும் ஒரு காரணம் சொன்னீர்கள். கிடைக்காதுதான். ஒவ்வொரு சிறு குழுவுக்கும் பாதை தெரிந்த ஒருவர், கையில் காகித வரைபடம், எத்தனை மணிக்கு எங்கே கூடுவது என்று முன்பே பேசி வைப்பது, இவ்வளவு போதும்.

இப்போது என் கோரிக்கைகள். முதலாவது, ராபிடான் கேம்பைத் திட்டத்தில் திரும்பச் சேருங்கள், அல்லது சேர்க்கலாமா என்று உறுப்பினர்கள் எல்லோரையும் முறையாகக் கேளுங்கள். கேட்கும்போது, போன வருடம் கதவு பூட்டியிருந்தது ஏன் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள், அது தெரியாமல் யாரும் வாக்களிக்கக் கூடாது.

இரண்டாவது, இந்த வருடத்துக்கான ரேஞ்சர் சுற்றுலா எந்தெந்த நாள், எத்தனை மணி என்று பூங்காவின் அட்டவணையில் பார்த்து, இந்த வாரத்துக்குள் இடம் பதிவு செய்யுங்கள். குளிர்காலத்தில் அது நடப்பதில்லை, அக்டோபரில் இலை நிறம் மாறும் வாரங்களில் பூங்கா நிரம்பி வழியும், தள்ளிப்போட்டால் கிடைக்காது. வேனில் இருக்கும் இடம் கொஞ்சம், அதனால் அதை ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோர்களுக்கும், நடக்க முடியாதவர்களுக்கும், உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் முதலில் கொடுங்கள். நிர்வாகக் குழுவின் குடும்பங்களுக்கு என்று தனியாக ஒதுக்க வேண்டாம். பெற்றோர்களோடு மொழிபெயர்க்க ஒருவர் போக வேண்டும், வேறு ஆள் கிடைக்காவிட்டால் நான் போகிறேன்.

மூன்றாவது, நடந்து போகிறவர்களை எட்டு, பத்துப் பேராகப் பிரித்து இடைவெளி விட்டு அனுப்புங்கள். திரும்பும் வழி ஏற்றம் என்பதையும், ஓடையைக் கடக்க வேண்டும் என்பதையும், ஷூ, தண்ணீர், கொஞ்சம் சாப்பாடு கட்டாயம் என்பதையும் அறிவிப்பிலேயே தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். பஸ் பத்து மணிக்குள் மைலம் கேப்பில் நிற்க வேண்டும், அதற்கு லூரே குகையை விட வேண்டியிருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்பீக்கர் வேண்டாம். அது மற்றவர்களும் அமைதியைத் தேடி வருகிற இடம்.

கடைசியாக, போன வருடம் கல்லில் வழுக்கி விழுந்த அந்த அம்மாவிடம் குழுவிலிருந்து யாராவது ஒருவர் போன் செய்து எப்படி இருக்கிறார் என்று கேளுங்கள், இந்த முறை வேனில் அவருக்கு ஓர் இடம் எடுத்து வையுங்கள். இந்த மடலுக்கான பதிலை எனக்குத் தனியாக அனுப்ப வேண்டாம், முடிவை அறிவித்த அதே குரூப்பில் எல்லோரும் பார்க்கும்படி போடுங்கள்.

இப்படிக்கு,
சங்கத்தின் உறுப்பினர் ஒருவர்
வடக்கு வர்ஜீனியா